வெறுங்குளம்பும் பாலாற்றங்கரையும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையில் நீளும் ஊர்களில் தைக்கப்படும் ஷூக்கள் உலகத்தின் பல மூலைகளில் நடமாடுகின்றன. மனிதக் கால் எங்கே அகலும், எங்கே அழுந்தும், எங்கே கொப்புளிக்கும் என்று தலைமுறை தலைமுறையாகக் கணக்குப் போட்ட மண் இது. இதே மண்ணில் இன்னொரு காலின் வரலாறும் கிடக்கிறது. அது குதிரையின் கால். வேலூர்க் கோட்டையும் ஆற்காட்டு நவாபும் ஐதர் அலியும் வெள்ளைக்காரனும் குதிரையை நம்பித்தான் இங்கே ஆட்சி செய்தார்கள், சண்டை போட்டார்கள், ஓடினார்கள். அந்தக் குதிரைகளின் குளம்பு எப்படிப் பிழைத்தது, எதனால் கெட்டது என்று தேடிப் போனால், லாடம் கட்டாத குதிரை நொண்டிவிடும் என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மைகூட இல்லை என்று தெரிகிறது.

வேலூர் ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்துக்குள் நுழைகிறவர் முதலில் பார்ப்பது முன்னங்கால் தூக்கி நிற்கும் குதிரைகளையும் யாளிகளையும்தான். 16ஆம் நூற்றாண்டில், விஜயநகரத்துக்கு அடங்கிய நாயக்கர்கள் காலத்தில் செதுக்கிய தூண்கள் அவை. வரி விதித்துச் சேர்த்த பொன்னில் பெரும்பங்கு குதிரைக்கே போன காலம் அது. விஜயநகர அரசர் ஆண்டுக்கு 13,000 குதிரைகள் வாங்கினார் என்று எழுதிவைத்திருக்கிறார் போர்த்துக்கீசிய வணிகர் நூனிஸ். பாரசீக வளைகுடாவின் ஒர்முஸ் துறைமுகத்திலிருந்து கப்பலில் வந்தவையும் உள்நாட்டுக் குதிரைகளும் அந்தக் கணக்கில் சேரும். சாளுவ நரசிம்மரைப் பற்றி அவர் சொல்லும் செய்தி இன்னும் வியப்பானது. கடலில் செத்துப்போன குதிரையின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினாலும், உயிருள்ள குதிரைக்குத் தரும் விலையையே அந்த அரசர் கொடுத்தாராம். வந்து சேரும் வழியிலேயே இத்தனை சாவு என்றால், வந்து சேர்ந்த பிறகு?

அதற்கான பதில் இன்னும் பழைய காலத்தில் இருக்கிறது. 1290களில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரசர் ஆண்டுதோறும் இரண்டாயிரம் குதிரைகளுக்கு மேல் வாங்குகிறார், அவர் சகோதரர்களும் அதே அளவு வாங்குகிறார்கள், ஆண்டுக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதினார். குதிரைப் பராமரிப்பு தெரிந்தவர்கள் இங்கே இல்லை. குதிரை வணிகர்கள் அப்படிப்பட்டவர்களை இங்கே அனுப்புவதும் இல்லை, வர விடுவதும் இல்லை, குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டு மறுபடி விற்கலாம் என்பது அவர் சொன்ன காரணம். ஏறத்தாழ அதே காலத்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் கணக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரை, ஒவ்வொன்றும் 220 பொன் தினார்.

வஸ்ஸாஃபின் குறிப்பில் ஒரு பகுதியை நிறுத்திப் படிக்க வேண்டும். வந்த குதிரைகளை நாற்பது நாள் லாயத்தில் கயிறும் முளையும் போட்டுக் கட்டிவைக்கிறார்கள், கொழுக்கட்டும் என்று. பச்சைப் பார்லிக்குப் பதிலாக வறுத்த பார்லி, நெய் சேர்த்த தானியம், காய்ச்சிய பசும்பால். பிறகு எந்தப் பழக்கமும் கொடுக்காமல் ஏறி விரட்டுகிறார்கள். சிறிது காலத்தில் காற்றாய்ப் பறந்த குதிரை மந்தமாகி ஒன்றுக்கும் ஆகாமல் போகிறது. இன்றைய கால்நடை மருத்துவர் ஒருவரிடம் இதைப் படித்துக் காட்டினால், குதிரையின் காலைத் தூக்கிப் பார்க்காமலே குளம்பு அழற்சியாக இருக்கலாம் என்று சந்தேகிப்பார். பாலைவனப் புல்லைக் கொறித்து நாளெல்லாம் நடந்த விலங்குக்குத் திடீரென்று ஊட்டமான மாவுத்தீனி கொடுத்து அசையாமல் கட்டிப்போட்டால், குளம்பின் வெளிச்சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைத்துவைத்திருக்கும் மெல்லிய அடுக்குகள் வீங்கிப் பிரியத் தொடங்கும். வலியில் குதிரை முன்னங்காலை ஊன்ற மறுக்கும். பாண்டியர் குதிரைகள் எல்லாமே இதனால்தான் செத்தன என்று சொல்ல முடியாது. வெக்கையும் பூச்சிக்கடியும் கடற்பயண அலுப்பும் சேர்ந்தே கொன்றிருக்கும். ஆனால் அங்கே இரும்பு இருந்ததா இல்லையா என்பதைவிடத் தீனித்தொட்டியும் கட்டுத்தறியும்தான் குளம்பின் தலைவிதியை எழுதின என்பது தெளிவு.

குளம்பு என்பது செத்த கொம்புக்கட்டி அல்ல. வெளிச்சுவர் நம் நகத்தைப்போல் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. மாதத்துக்கு எட்டிலிருந்து பத்து மில்லிமீட்டர் வரை வளரும். ஒரு முன்னங்குளம்பு மேலிருந்து கீழ்வரை முழுதாகப் புதுப்பிக்கப்பட ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆகும். அடியில் அம்புமுனை வடிவில் மெத்தென்ற ஒரு முக்கோணம் உண்டு. குதிரை கால் ஊன்றும்போது குதிப்பக்கம் சற்றே விரிகிறது, அந்த முக்கோணம் தரையில் அழுந்துகிறது, அதிர்ச்சி சிதறிப்போகிறது, உள்ளே தேங்கிய இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. நடக்க நடக்கக் குளம்பு தன்னைத்தானே தேய்த்துச் சீர்செய்துகொள்கிறது. அந்தத் தேய்மானத்துக்கு ஈடாக வளர்ந்தும் கொள்கிறது.

இந்தக் கெரட்டினை ஆம்பூர்க்காரர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு. பச்சைத்தோலை முதலில் சுண்ணாம்புத் தொட்டியில் போடுவது மயிரைக் கழிக்கத்தான். மயிரும் கெரட்டினே. காரம் ஏறினால் அது இளகிக் கழன்றுவிடும், தோலின் உள்நார் நிற்கும். அதற்குப் பிறகுதான் ஆவாரம்பட்டைச் சாறும் கடுக்காயும். அந்தத் துவர்ப்பு பற்றுவது உள்நாரைத்தான். காரம் கெரட்டினுக்கு எதிரி என்ற இந்தப் பதனிடும் பாடம் லாயத்துக்கும் பொருந்தும். மூத்திரம் தேங்கிய தரையில் கிளம்பும் அம்மோனியாவும் காரம்தான். அதில் நாள் முழுக்க நிற்கும் குதிரையின் குளம்பு மெல்ல மெல்ல இளகி நொறுங்கும், அடிமுக்கோணம் அழுகி நாறும். லாடம் அடித்தாலும் அந்த அழுகல் நிற்காது. நொறுங்கிய சுவரில் ஆணியும் பிடிக்காது.

லாடம் அறியாத காலத்துக் குதிரைக்காரர்கள் இதைத் தெரிந்துவைத்திருந்தார்கள். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் குதிரை அதிகாரிக்குத் தனி அத்தியாயம் உண்டு. லாயத்தின் தரையில் வழவழப்பான பலகை பாவ வேண்டும், மூத்திரமும் சாணமும் வெளியேற வழி இருக்க வேண்டும் என்று அதில் விதி இருக்கிறது. கிரேக்கத்தில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எழுதிய செனபோன் வேறு வழி சொன்னார். உள்ளங்கையில் அடங்கும் உருண்டைக் கற்களை வண்டி வண்டியாய்க் கொண்டுவந்து முற்றத்தில் கொட்டுங்கள், குதிரையை அதன்மேல் நிறுத்தித் தேய்த்துவிடுங்கள், பூச்சி கடிக்கும்போது அது காலை உதைத்து உதைத்துக் குளம்பை இறுக்கிக்கொள்ளும் என்றார். ஒருவர் பலகை, ஒருவர் கல். இரண்டின் நோக்கமும் ஈரம் தேங்காத தரைதான்.

இரும்பு மெல்ல வந்தது. அக்பர் அரண்மனையின் செலவுக் கணக்கை எழுதிய அயினி அக்பரியில் நான்கு காலுக்கும் சேர்த்து ஒரு செட் லாடத்துக்கு முன்பு எட்டு தாம் (அக்காலச் செப்புக்காசு), இப்போது பத்து தாம் என்று விலை இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை மாற்ற வேண்டும் என்றும் இருக்கிறது. இன்று லாடம் கட்டிய குதிரைக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி மாற்றுகிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு லாடம் என்றால், அதற்குள் குளம்பு ஐந்து சென்டிமீட்டர் வளர்ந்திருக்கும். அந்த லாடம் தேய்ந்தோ கழன்றோ போய், பாதி ஆண்டு குதிரை வெறுங்காலோடுதான் ஓடியிருக்க வேண்டும். பேரரசரின் லாயத்திலேயே நிலைமை இது என்றால், ஆற்காட்டுச் சீமையில் சம்பளத்துக்குக் குதிரையோடு வந்து சேர்ந்த சவாரிக்காரன் எவ்வளவு இரும்பு வாங்கியிருப்பான் என்று ஊகிக்கலாம்.

அந்தச் சீமையில் குதிரைக்கு ஓய்வும் இல்லை. 1677இல் சிவாஜியின் படை வேலூரை முற்றுகையிட்டது. 1740இல் தாமல்செருவு கணவாயில் மராட்டியர் நவாப் தோஸ்து அலியைக் கொன்றனர். 1749 ஆகஸ்டு 3 அன்று ஆம்பூரில் நவாப் அன்வருத்தீன் யானைமேல் இருந்தபடியே வீழ்ந்தார். 1767இல் ஐதர் அலி ஆம்பூர்க் கோட்டையை வளைத்தார். 1780இல் செங்கம் கணவாய் வழியாக மீண்டும் இறங்கினார். இந்தப் படையெடுப்புகளில் எல்லாம் ஓடியவை பெரும்பாலும் உள்நாட்டு மட்டக்குதிரைகளும் கலப்பினக் குதிரைகளும். உயரம் குறைவு, எடை குறைவு, தின்றது கொள்ளும் காய்ந்த புல்லும். செம்மண்ணும் சரளையும் ஆற்றுமணலும் மாறி மாறி வரும் வறண்ட நிலத்தில் தினமும் ஓட்டம். வெறுங்குளம்புக்கு இதைவிட நல்ல பயிற்சி இருக்க முடியாது. சண்டை பொல்லாதது, ஆனால் குளம்புக்கு மட்டும் அந்த நிலம் நல்ல ஆசான்.

பிறகு வந்தது 1806 ஜூலை 10. அன்று விடியும் முன் வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள். அவர்களின் குமுறலுக்கு ஒரு காரணம், புதிதாகத் திணிக்கப்பட்ட தலைப்பாகையில் இருந்த தோல் குஞ்சம். செய்தி ஆற்காட்டுக்குப் போனது. அங்கே இருந்த கர்னல் கில்லெஸ்பி, 19ஆம் லைட் டிரகூன் குதிரைப்படையின் ஒரு பகுதியைக் கூட்டிக்கொண்டு ஏறத்தாழ 25 கிலோமீட்டரை நாலுகால் பாய்ச்சலில் கடந்து வந்தார். பின்னாலேயே குதிரைகள் இழுத்த சிறு பீரங்கிகள் வந்தன. கோட்டைக் கதவு தகர்ந்தது. எழுச்சி அன்றே இரத்தத்தில் முடிந்தது. குதிரைகள் இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் தென்னிந்திய வரலாறு வேறு பக்கம் திரும்பியிருக்கலாம்.

அந்த டிரகூன் படைகள் வேறு உலகத்தவை. ஒவ்வொரு அணிக்கும் சொந்த லாடக்காரர் உண்டு. 1796 முதல் பிரிட்டிஷ் குதிரைப்படைகளுக்குக் கால்நடை மருத்துவர்களும் நியமிக்கப்பட்டார்கள். பெரிய குதிரை, கனமான சேணம், ஆயுதத்தோடு கனமான ஆள், பாசறையில் வரிசைக் கட்டுத்தறி. இந்தச் சுமைக்கு இரும்பு தேவை என்பதை அவர்கள் கேள்வி கேட்கவில்லை. ஆனால் அவர்கள் நாட்டிலேயே ஒருவர் கேட்டார். லண்டன் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த பிரேஸி கிளார்க், ஒரே பெண்குதிரையின் குளம்பை லாடம் கட்டும் முன்பும் அதன்பிறகு ஆண்டுக்கு ஆண்டும் அச்சு எடுத்து வைத்தார். அச்சுகளை வரிசையாக அடுக்கினால், குதிப்பக்கம் ஆண்டுக்கு ஆண்டு ஒடுங்கிவருவது கண்ணுக்குத் தெரிந்தது. விரிய வேண்டிய இடத்தை ஆணியடித்த இரும்பு விரியவிடவில்லை. அந்த ஆய்வை அவர் 1809இல் வெளியிட்டார். வேலூர் எழுச்சிக்கு மூன்றே ஆண்டு கழித்து. அதற்காக எந்தப் படையும் லாடத்தைக் கழற்றிவிடவில்லை.

வேலூர்ப் பகுதியில் லாடத்தை நிலைநிறுத்தியது படையைவிடப் பாதை. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. ரயில் வந்த இடத்தில் ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் போக வண்டி வேண்டும், ஜட்கா வந்தது. கல் பரப்பி இறுக்கிய ரோடுகள் வந்தன. ஜட்கா என்றால் இரண்டு சக்கரம், வளைந்த கூரை, உள்ளே புல் பரப்பி அதன்மேல் சாக்கு, அதில் கால் மடக்கி உட்கார்ந்த நாலைந்து பேர். பாரம் பின்னால் சாய்ந்தால் வண்டி குதிரையைத் தூக்கப்பார்க்கும். முன்னால் சாய்ந்தால் முதுகை அழுத்தும். "சாமி, கொஞ்சம் முன்னாடி நகந்து உக்காருங்க" என்று வண்டிக்காரர் கேட்டுக்கொண்டே இருப்பது அதனால்தான். காலையிலிருந்து இரவுவரை கல்ரோட்டில் ஓடும் குதிரைக்குக் குளம்பு வளர்வதைவிட வேகமாகத் தேய்ந்துவிடும். அங்கே லாடம் தேவைதான். அதைக் குறை சொல்ல முடியாது.

லாடம் கட்டுவது கைத்திறன். குதிரையைப் படுக்கவைக்க வேண்டியதில்லை. நின்றபடியே காலை மடக்கித் தன் முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொள்வார் லாடக்காரர். வளர்ந்த விளிம்பைக் கத்தியால் சீவி, அரத்தால் மட்டம் செய்து, லாடத்தை வைத்துப் பார்த்து ஆணி இறக்குவார். ஆணி வெளிச்சுவருக்குள்ளேயே சாய்ந்து ஏறிப் பக்கவாட்டில் வெளியே வர வேண்டும். வெளியே வந்த முனையை முறித்து மடக்கித் தட்டிவிடுவார். கொஞ்சம் உள்ளே தள்ளி இறங்கினால் உயிர்ச்சதையில் ஏறிவிடும். சில நாளில் சீழ் கட்டும். மாட்டுக்கு வேறு முறை. கயிறு போட்டுச் சாய்த்து, நான்கு காலையும் சேர்த்துக் கட்டி, பிளந்த குளம்புக்குக் காலுக்கு இரண்டாக எட்டுத் தகடு. பட்டையும் பச்சைத்தோலும் ஏற்றிய பார வண்டிகளுக்கு அந்த எட்டுத் தகடு இல்லாமல் முடியாது.

லாடம் இல்லாமல் தலைமுறைகளாக வாழும் குதிரைகளைப் பார்க்கத் தமிழர் நிலத்திலேயே இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று கோடியக்கரைச் சரணாலயம். மணலும் உப்புச்சேறும் கலந்த அந்தக் கரையில் காட்டுத்தனமாகிப்போன மட்டக்குதிரைகள் மேய்கின்றன. மற்றொன்று யாழ்ப்பாணத்துக்கு மேற்கே நெடுந்தீவு. போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் கொண்டுவந்து வளர்த்து, பிரிட்டிஷ் காலத்தில் நோலன் என்ற லெப்டினண்ட் பெருக்கி, பிறகு கைவிடப்பட்ட குதிரைகளின் வாரிசுகள் அவை. பவளப்பாறைக் கல்லை அடுக்கிய வேலிகளும் சுண்ணாம்புக்கல் தரையும் கொண்ட தீவு அது. அங்கே சீவுகிற கத்தியும் அரமும் அந்தத் தரையே. கோடையில் நீர்நிலைகள் வற்றித் தாகத்தில் குதிரைகள் சாகிற செய்தி அவ்வப்போது வருகிறது. அவற்றை வாட்டுவது தண்ணீர்ப் பஞ்சம்.

இதைக் கண்டு காட்டுக்குதிரைக் கால் என்றால் பழுதே இருக்காது என்று முடிவுகட்டவும் கூடாது. ஆஸ்திரேலியாவில் கிறிஸ் பாலிட், பிரையன் ஹாம்ப்சன் குழுவினர் காட்டில் திரியும் பிரம்பி குதிரைகளின் குளம்புகளை ஆராய்ந்தார்கள். மெத்தென்ற நிலத்தில் திரிந்தவற்றுக்குக் குளம்பு நீண்டு விளிம்பு உடைந்திருந்தது. கல்நிலத்தில் வெகுதூரம் நடந்தவற்றுக்குக் குளம்பு குட்டையாக, வெளிப்பார்வைக்கு அழகாக இருந்தது. ஆனால் அவற்றிலும் பழைய அழற்சியின் தடயம் கிடைத்தது. இயற்கை என்பதே போதும் என்ற வாதத்தை அந்த ஆய்வு அடக்கிவைக்கிறது. வெறுங்கால் குதிரைக்கும் ஆள் வேண்டும், கண் வேண்டும், நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை அரம் வேண்டும்.

அந்த ஆளும் அரமும் இருந்தால் நகரத்திலும் முடிகிறது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரக் குதிரைக் காவல் பிரிவு லாடத்தைக் கைவிட்டு, தார்ரோட்டிலும் சிமெண்டிலும் வெறுங்காலோடு குதிரைகளை நடத்துகிறது. லாடம் கழற்றிய மறுநாளே இது நடக்காது. ஆண்டுக்கணக்கில் இரும்புக்குள் இருந்த குளம்பின் அடி மெலிந்திருக்கும், முக்கோணம் சுருங்கியிருக்கும். புதிய சுவர் மேலிருந்து இறங்கிவர மாதங்கள் ஆகும். அதுவரை சரளையில் கூசும். தீனியில் இனிப்பையும் மாவையும் குறைத்து, உலர்ந்த தரையில் வைத்து, தினமும் நடத்திக்கொண்டே வர வேண்டும். வஸ்ஸாஃப் சொன்ன நாற்பது நாளின் நேர் எதிர்.

கூச்சம் உள்ள அந்த மாதங்களுக்கும் கடினமான பாதைகளுக்கும் குதிரைக்குக் கழற்றி மாட்டும் பூட்ஸ் இருக்கிறது. ரோமானியர்கள் புல்லில் முடைந்தும் இரும்புத் தகட்டோடு தோல்வார் கட்டியும் போட்டார்கள். ஜப்பானில் லாடம் பரவும்வரை குதிரைகள் வைக்கோல் செருப்புதான் அணிந்தன. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் புல்வெட்டும் எந்திரம் இழுத்த குதிரைகளுக்குப் புல்தரை பள்ளம் விழாமல் இருக்கத் தோல் பூட்ஸ் மாட்டினார்கள். 1970களில் அமெரிக்காவில் பாலியூரித்தேன் பூட்ஸ் வந்தது. நூறு மைல் குதிரைப் பந்தயமான டெவிஸ் கோப்பையையே இப்படிப்பட்ட பூட்ஸ் போட்ட குதிரைகள் வென்றிருக்கின்றன.

இந்த இடத்தில் பாலாற்றங்கரைக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. அந்தியூர் ஆடிச் சந்தைக்கு வரும் மார்வாரியும் கத்தியவாரியும், ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கும் மட்டக்குதிரைகளும், கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு வரும் சாரட்டுக் குதிரைகளும் தார்ரோட்டில்தான் நிற்கின்றன. வெளிநாட்டுப் பூட்ஸை வரவழைத்துப் போடும் வசதி அவற்றின் சொந்தக்காரர்களில் பலருக்கு இல்லை. குளம்பைச் சீவிய கையோடு நீளமும் அகலமும் அளந்து, முன்காலுக்கும் பின்காலுக்கும் தனித்தனி அச்சு வைத்து, குதிப்பக்கம் உராயாதபடி மெத்தை வைத்துத் தைக்க வேண்டிய பொருள் அது. அடிப்பாகம் வார்க்கும் எந்திரமும், மேல்தோல் வெட்டும் டையும், உராயும் இடம் எது என்று தொட்டுப் பார்த்தே சொல்லும் கைகளும் ஆம்பூரில் ஏற்கெனவே இருக்கின்றன. கால்நடை மருத்துவர் ஒருவரும் அச்சு செய்பவர் ஒருவரும் ஒரு குதிரையின் நான்கு காலை அளந்து தொடங்கினாலே போதும்.